நெற்றியில் போட்ட சுழி

மார்க்கர் பேனாவின் மூடியைக் கழற்றியதும் ஒரு நெடி வரும். பெயிண்டும் இல்லை, ஸ்பிரிட்டும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அந்த நெடி பிடிக்கும் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஆகவே ஆகாது. அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றிவிட்டு, விதைக்கென்று ஒதுக்கியதைச் சாக்கில் கட்டி உள்ளறையில் அடுக்கும்போது என் மனைவி அந்தப் பேனாவை எடுப்பாள். எந்த ரகம், எந்தப் போகம் என்று சாக்கின் மேல் எழுதி வைக்காவிட்டால் அடுத்த பட்டத்தில் ஒன்றை எடுக்கப் போய் இன்னொன்றை நாற்றங்காலில் தெளித்துவிட்டு முழிக்க வேண்டியதுதான். அவள் மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் கைத்தடியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விடுவேன். எழுதியது காய்ந்து, நெடி அடங்கிய பிறகுதான் உள்ளே வருவேன். ஏன் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமல் இருக்கத் தெரிந்த ஒருத்தி எனக்கு வாய்த்தது பெரிய விஷயம்.

அந்த நெடியை நான் முதன்முதலில் அறிந்தது என் மூக்குக்கு நேர் மேலே. பனியில் மண்டியிட்டு உட்கார்ந்த ஒருவர், பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, என் நெற்றியில் எழுதினார். அவர் எழுதியதை நான் பார்க்கவே இல்லை. எழுதியவரையும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

அவரை நாங்கள் எல்லோரும் டாக்டர் சாப் என்றுதான் கூப்பிடுவோம். அவர் டாக்டர் இல்லை. ராணுவத்தில் மருந்துப் பையைத் தோளில் மாட்டியவன் எவனாக இருந்தாலும் சிப்பாய்களுக்கு அவன் டாக்டர் சாப்தான். இவர் இருந்தது மீட்புக் குழுவில். சண்டைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, மலையில் மாட்டிக்கொண்டவனையும் பள்ளத்தில் விழுந்தவனையும் அடிபட்டுக் கிடக்கிறவனையும் எடுத்து வரவென்றே பழக்கப்படுத்தப்பட்டவர்கள் அவர்கள். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்குவார்கள். இறங்கிய இடத்திலேயே கட்டுப் போடுவார்கள், ஊசி போடுவார்கள், ஆளைப் பையில் வைத்துக் கட்டுவது மாதிரி கட்டி மேலே அனுப்புவார்கள். நான் வலங்கைமான் பக்கத்து ஆள். பட்டாளத்தில் சேர்ந்து சரக்கு லாரி ஓட்டினேன். மேலே இருக்கிற முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், கம்பளி என்று ஏற்றிப் போவது என் வேலை. எங்கள் முகாமும் அவருடைய குழுவின் முகாமும் ஒரே சரிவில், கூப்பிடு தூரத்தில் இருந்தன.

பழக்கம் ஆனதே ஒரு காய்ச்சலில்தான். உடம்பு கொதித்து நான் சுருண்டு கிடந்தபோது யாரோ ஒரு டாக்டர் சாப் வந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு காகித உறையில் மாத்திரைகளைப் போட்டு, மேலே ஏதோ எழுதித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனார். பேசியது எல்லாம் இந்தி. அவர் வாசலைத் தாண்டியதும் உறையை எடுத்துப் பார்த்தேன். காலை ஒன்று, இரவு ஒன்று என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. அதற்கு மேலே, உறையின் உச்சியில், நட்ட நடுவில், சின்னதாக ஒரு பிள்ளையார் சுழி. எனக்குக் காய்ச்சல் பாதி விட்டுப்போனது. மாத்திரை உறைக்குச் சுழி போட்டு ஆரம்பிக்கிற கூட்டம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? "யோவ், தமிழா!" என்று படுத்தபடியே கத்தினேன். போனவர் திரும்பி வந்தார். கன்னம் இரண்டும் குளிரில் வெடித்துப்போன, பல் வரிசையான, என்னைவிட ஐந்தாறு வயது குறைந்த முகம். வாய் கொள்ளாத சிரிப்பு.

"அண்ணே, எந்த ஊருண்ணே நீங்க?"

சொன்னேன். அவர் கோடியக்கரை. அப்பா கடலுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா கருவாடு போட்டு விற்கிறார் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப நீங்கள்லாம் குளிச்சு முடிச்சு அனுப்புற தண்ணியிலதாண்ணே நாங்க மீன் புடிக்கிறோம்" என்றார். "அதான்யா உங்க ஊர் மீனு அவ்வளவு ருசியா இருக்கு" என்றேன் நான். அன்றிலிருந்து நாங்கள் பார்த்துக்கொண்ட போதெல்லாம் இந்தச் சண்டை உண்டு. நெல்காரன் சோம்பேறி, ஆறு மாதம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்பது அவர் கட்சி. மீன்காரனுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்பது என் கட்சி. எனக்குச் சட்டென்று கோபம் வரும். அவர் அதை வரவைத்துப் பார்த்து ரசிப்பார். அந்த மலையில் எனக்கு வீடு என்று இருந்தது அந்த வம்புப் பேச்சு மட்டும்தான்.

அவருடைய அம்மா, மகன் நிஜமாகவே டாக்டர் ஆகிவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாராம். லீவில் போனால் விடிந்ததிலிருந்து வாசலில் கூட்டமாம். இடுப்பு வலி, பல் வலி, மருமகள் பேச்சு கேட்பதில்லை என்கிற வியாதிவரை வந்து உட்காருவார்களாம். "நான் டாக்டர் இல்லம்மான்னா, கோவிச்சிகிட்டு சோறு போட மாட்டேங்குதுண்ணே. அதனால நாடி புடிச்சுப் பாத்துட்டு, நல்லா தண்ணி குடிங்கன்னு சொல்லி அனுப்பிருவேன்" என்பார். சுழி போடுவதும் அம்மாவின் உத்தரவுதான். எதை எழுதினாலும் முதலில் சுழி. ராணுவத்தில் சேர்ந்தும் அதை அவர் விடவில்லை.

அந்தச் சுழியால் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். வடநாட்டுச் சிப்பாய் ஒருவன், இருமலுக்கு வாங்கிப் போன உறையின் மேலே இருந்த சுழியை 2 என்று படித்துவிட்டான். நாம் எழுதுகிற சுழியை நாகரிகமாக, வாலைக் கொஞ்சம் நீட்டி எழுதினால் இரண்டு மாதிரிதானே இருக்கும். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டு காலை அணிவகுப்புக்கு எழுந்திருக்காமல் தூங்கிவிட்டான். விசாரணை வந்தது. டாக்டர் சாப் ஆபீசர் முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, இது எண் இல்லை, எங்கள் கடவுள், எதை ஆரம்பித்தாலும் அவரை முதலில் வைப்போம் என்று விளக்கியிருக்கிறார். ஆபீசர் சிரித்துவிட்டாராம். ஆனால் உத்தரவு உத்தரவுதான்: இனிமேல் மருந்தில் கடவுள் வேண்டாம். அன்றோடு நிறுத்தினார். "சுழி போடாம எழுதுனா வெத்தலையில சுண்ணாம்பு இல்லாத மாதிரி இருக்குண்ணே" என்று என்னிடம் புலம்புவார். எனக்குச் சிரித்து மாளாது. பார்க்கும்போதெல்லாம் இரண்டு விரலைக் காட்டி அவரை ஓட்டுவேன்.

இப்போது அந்த நாளுக்கு வர வேண்டும். வரத்தான் இத்தனை வருஷமாக மனமில்லை.

சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரியோடு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்ட, பக்கத்தில் உதவி டிரைவர். மலைநாட்டுப் பையன், அதிகம் பேச மாட்டான், பாட்டு மட்டும் முணுமுணுப்பான். வெயில் நன்றாக அடித்தது. மேலே சரிவில் ஏதோ பெருமூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பனி மொத்தமாக வந்து லாரியின் விலாவில் இடித்து எங்களைப் பள்ளத்தில் தள்ளியது. கண் விழித்தபோது லாரி பக்கவாட்டில் கிடந்தது. என் இடது கால் கதவுக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்தது. பனி சிவப்பாகிக்கொண்டே போனது. பையன் வெளியே தூக்கி எறியப்பட்டு மல்லாந்து கிடந்தான். பேச்சு இருந்தது, இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டான். நானும் என் அம்மாவைக் கூப்பிட்டேன். வேறு மொழியாக இருந்தாலும் அந்தச் சொல் ஒன்றுபோலத்தான் இருந்தது.

ஹெலிகாப்டர் வந்தது. கயிற்றில் ஒருவர் இறங்கினார். முதுகில் பெரிய பை. கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் செத்துவிட்டது. அதை நான் பார்த்தேன். அடுத்த கணம் பழைய முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "என்னண்ணே, நெல்லுதான் நட வரும்னு நெனச்சேன், லாரியையும் நட்டு வச்சிருக்கீங்க" என்றார்.

முதலில் என் தொடையில் பட்டையைச் சுற்றி, குச்சியைச் செருகி, முறுக்கினார். இரத்தத்தை நிறுத்துகிற பட்டை அது. அந்த வலியை எழுத எனக்குத் தெரியாது. நான் அவரை, அவர் அப்பாவை, கோடியக்கரையை, கடலை, எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திட்டுங்கண்ணே. திட்டத் தெம்பு இருக்குல்ல, அது போதும்" என்றபடி இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு ஒரு சின்னக் கடப்பாரையால் தகரத்தை நெம்பி, பனியைக் கையாலேயே தோண்டி என்னை வெளியே இழுத்தார். பையனிடம் போய் அவன் கழுத்துக்கு அணை கொடுத்துவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, திரும்ப என்னிடம் வந்தார். சட்டைப் பையிலிருந்து மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கடித்து இழுத்தார். மூடி பல்லில் இருக்க, அதற்குள்ளிருந்தே பேசினார்.

"நெத்தியக் காட்டுங்கண்ணே."

"எதுக்கு?"

"தலையெழுத்து எழுதணும்."

எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. விஷயம் இதுதான்: பட்டையை எத்தனை மணிக்குக் கட்டினார்கள் என்பது ஆஸ்பத்திரியில் இருக்கிற டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். நேரம் அதிகமானால் காலுக்கு ஆபத்து. காகிதத்தில் எழுதினால் காற்றில் போகும், சட்டையில் எழுதினால் சட்டையை வெட்டி எறிவார்கள். நெற்றிதான் ஆளோடு போய்ச் சேரும். அந்தப் பட்டையின் இங்கிலீஷ் பெயரான டூர்னிக்கெட்டுக்கு டி என்ற எழுத்தும் பக்கத்தில் மணியும். அவ்வளவுதான் எழுத வேண்டியது.

பேனா நெற்றியில் பட்டது. ஐஸ் மாதிரி இருந்தது. முதலில் சின்னதாக ஒரு வளைவு, அப்புறம் வலப்பக்கம் இழுத்த ஒரு கோடு. பார்க்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பரீட்சைத் தாளிலும் கல்யாணப் பத்திரிகையிலும் மளிகைச் சிட்டையிலும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்குத் தோலில் போட்டால் தெரியாதா?

"யோவ், சுழியா போட்ட?"

"ஆமாண்ணே. ஆபீசர் மருந்துலதான் வேணாம்னாரு. நெத்தியப் பத்தி ஒண்ணும் சொல்லல." அதற்குக் கீழே டியையும் மணியையும் எழுதினார். "இனிமேதான உங்களுக்கு எல்லாம் ஆரம்பிக்குது. சுழி போடாம எப்படி ஆரம்பிக்கிறது?"

அந்த உயரத்தில் ஹெலிகாப்டரால் ஒரு தடவைக்கு ஒருவரைத்தான் தூக்க முடியும். இரத்தம் போனவன் நான் என்பதால் நான் முதலில். பையனை அசைக்காமல் பலகையில் வைத்துக் கட்ட நேரமாகும். மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். என்னை வாரில் மாட்டும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க முன்னாடி போங்கண்ணே. இவன ஒழுங்கா கட்டி எடுத்துகிட்டு நான் பின்னாலயே வரேன்" என்று என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். கயிறு என்னை மேலே இழுத்தது. சுற்றிச் சுற்றி ஏறும்போது கீழே பார்த்தேன். அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. பையன் மேல் குனிந்து கட்டிக்கொண்டிருந்தார். பேனா மூடி இன்னும் அவர் பல்லில் இருந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைச் சுற்றி நாலைந்து பேர். பெரிய டாக்டர் ஒருவர் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "இரண்டு என்று போட்டிருக்கிறதே, இன்னொரு பட்டை எங்கே?" என்று கத்தினார். எனக்கு இரண்டு இடத்தில் பட்டை கட்டியிருப்பதாக அவர் நினைத்துவிட்டார். நல்ல காலின் மேல் இருந்த கால்சட்டையையும் வெட்டிப் பார்த்தார்கள், கைகளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. எண்ணத் தெரியாதவனை எல்லாம் அனுப்புகிறார்கள் என்று அவர் சலித்துக்கொண்டது காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பேன். அது இரண்டு இல்லை ஐயா, பிள்ளையார் என்று சொல்ல வேண்டும். இந்தி அந்த நேரத்தில் எங்கோ ஓடிவிட்டது. கிடைத்த சொற்களை வைத்துக்கொண்டு "தோ நஹீ... தோ நஹீ... கணேஷ், கணேஷ்" என்றேன். அதாவது இரண்டு இல்லை, கணேஷ். பக்கத்தில் இருந்த நர்ஸம்மா என் கையைத் தடவிக் கொடுத்தார். கணேஷ் என்பது என்னோடு இருந்த ஆள், பள்ளத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறான், அவனைத் தேடுகிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். "கணேஷ் ஆயேகா பையா" என்றார். கணேஷ் வந்துவிடுவான் தம்பி என்று அர்த்தம்.

கண் விழித்தபோது முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. கால் நசுங்கியதால் எடுத்தார்கள். உயிர் பட்டையால் நின்றது என்று அதே பெரிய டாக்டரே வந்து சொன்னார். முகமெல்லாம் துடைத்து, நெற்றியில் எண்ணெய் தடவி விட்டிருந்தார்கள். தொட்டுப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்கு இருந்த ஒரே யோசனை, டாக்டர் சாப் வந்ததும் எப்படி ஓட்டுவது என்பதுதான். 'உன் சுழியால எனக்கு இன்னொரு காலையும் எடுக்கப் பாத்தானுங்கடா பாவி' என்று ஆரம்பிக்கலாம். 'பெரிய டாக்டரே உன்ன எண்ணத் தெரியாதவன்னுட்டாரு' என்று முடிக்கலாம். சொற்களை மாற்றி மாற்றி அடுக்கி வைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கும்போது வெடித்த கன்னத்தில் வலிக்கும், கையால் பொத்திக்கொள்வார், அதுவரை நினைத்து வைத்திருந்தேன். நர்ஸம்மா ஊசி போட வரும்போதெல்லாம், கேட்காமலேயே, "கணேஷ் ஆயேகா" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் தலையை ஆட்டுவேன்.

எங்கள் சுபேதார் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தார். டாக்டர் சாப் எங்கே என்று கேட்டேன். அவர் அடுத்த பழத்தை உரிக்க ஆரம்பித்தார். நான் போன பிறகு மேகம் மூடிவிட்டது. ஹெலிகாப்டர் திரும்பப் போக முடியவில்லை. அதே சரிவில் இரண்டாவது தடவை பனி இறங்கியதில் இரண்டு பேருமே பிழைக்கவில்லை. தோண்டி எடுத்தபோது டாக்டர் சாப்பின் மேல்கோட்டு அவர் உடம்பில் இல்லையாம். பையன் மேல் சுற்றி, பொத்தான் எல்லாம் போட்டு, பலகையோடு ஒழுங்காகக் கட்டியிருந்தாராம். ஆள் கட்டி முடித்துத் தயாராகத்தான் இருந்திருக்கிறார். சுபேதார் இதைச் சொல்லிவிட்டுப் பழத்தை உரித்துக்கொண்டே இருந்தார். தட்டு முழுக்கச் சுளை. யாரும் தின்னவில்லை.

அன்றைக்குத்தான் நெற்றியைக் கண்ணாடியில் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அவர் கடைசியாக எழுதிய எழுத்து அது. அதைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டிருக்கிறார்கள். யாரைக் கோபித்துக்கொள்வது? அவர்கள் அவர்கள் வேலையைச் செய்தார்கள். கோபம் மட்டும் இன்றுவரை இருக்கிறது, போக இடமில்லாமல்.

கொடி போர்த்தி அவரைக் கோடியக்கரைக்குக் கொண்டு வந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊருக்கு வந்தேன், கட்டைக் கால் போட்டேன், வரப்பில் நடக்கப் பழகினேன், விழுந்து எழுந்தேன். அங்கே மட்டும் போகவில்லை. பஸ் பிடித்தால் ஒரு பொழுதில் போய்விடக்கூடிய ஊர். நாளைக்கு, அடுத்த வாரம், நடவு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, 'நீ வந்துட்ட, எம்புள்ள எங்க' என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயம்தான். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஒரு நாள் மனைவியே சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "போயிட்டு வாங்க" என்றாள். போனேன். மன்னார்குடியில் மாறி, திருத்துறைப்பூண்டியில் மாறி, வேதாரண்யம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். வெயிலில் உப்பு குவியல் குவியலாக வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அது உப்பாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தூரத்தைக் கடந்தேன்.

அந்த அம்மா வீட்டு வாசலில் பாய் விரித்துக் கருவாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் எழுந்தார். உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டார். செம்பில் தண்ணீர் கொடுத்தார். என் காலைப் பார்த்தார், கால்சட்டை மேலேயே தொட்டுப் பார்த்தார்.

"வலிக்குதா தம்பி?"

"இது கட்டைம்மா. வலிக்காது."

"கட்டை வலிக்காது. அதுக்கு மேல?"

அவர் திரும்பப் பாயில் உட்கார்ந்து கருவாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வந்தாங்க தம்பி. மெடல் குடுத்தாங்க. தைரியசாலின்னாங்க. அதெல்லாம் சரிதான். எம்புள்ள கடைசியா என்ன பேசுனான்னு ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். லாரியை நட்டு வைத்ததாகச் சொன்ன கேலியிலிருந்து ஆரம்பித்தேன். நான் திட்டியதைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் தலையை ஆட்டியபடி கேட்டுக்கொண்டே பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம் என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். சுழி போட்டார் என்று சொன்னதும் கை நின்றது.

"சுழியா? நல்லாப் பாத்தீங்களா?"

"நெத்தியில எழுதினா எப்படிம்மா பாக்குறது? போடுறப்பவே தெரிஞ்சுச்சு."

"எனக்குப் படிப்பு கெடையாது தம்பி" என்றார். "கைநாட்டுதான். என் கூடை அடையாளம் தெரியறதுக்காக மூடியில கரியால சுழி போட்டு வைப்பேன். எனக்குத் தெரிஞ்ச எழுத்து அது ஒண்ணுதான். அவனுக்கும் அதத்தான் கடற்கரை மணல்ல கையப் புடிச்சு எழுத வச்சேன். மத்ததெல்லாம் வாத்தியார் சொல்லிக் குடுத்தது. எத எழுதுனாலும் அம்மா எழுத்து மொதல்ல இருக்கணும்டான்னு சொல்லி வச்சிருந்தேன்." கையிலிருந்த கருவாட்டைப் பாயில் வைத்தார். பிறகு, "இப்ப இருக்கா அது?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஆஸ்பத்திரியில..."

"கழுவிட்டாங்களா?"

நான் தலையைக் குனிந்தேன். அந்த ஒரு கேள்விக்குத்தான் அத்தனை நாள் பயந்திருக்க வேண்டும், வேறு எதற்கோ பயந்துவிட்டேன் என்று தோன்றியது.

அவர் எழுந்து கையைக் கழுவினார். உள்ளே போய்த் திருநீற்றுச் சம்புடத்தோடு வந்தார். "எந்த எடம்னு காட்டுங்க" என்றார். விரலால் தொட்டுக் காட்டினேன். இடது கையால் என் பின்னந்தலையைப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலைத் திருநீற்றில் தோய்த்து, அந்த இடத்தில் மெதுவாக எழுதினார். சின்னதாக ஒரு வளைவு. வலப்பக்கம் இழுத்த ஒரு கோடு. கழுவியும் போகாத கருவாட்டு வாசனை அந்த விரலில் இருந்தது. அதே வளைவு, அதே இழுப்பு. பேனாவைப் பிடித்த கையை யார் பிடித்திருந்தார்கள் என்று எனக்கு அப்போது விளங்கியது.

எழுதிய விரலை எடுக்காமலே சொன்னார்: "எம்புள்ள உங்க தலையில சுழி போட்டு எழுதுனான் தம்பி. அவன் தலையில எழுதுனவன் சுழி போட மறந்துட்டான் பாருங்க."

அவர் அழவில்லை. நான்தான் அந்த வாசலில், போகிற வருகிறவர்கள் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்காரவில்லை. காற்றில் திருநீறு போய்விடுமே. வேர்த்து வழிந்தும் முகத்தைத் துடைக்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவியிடம் குனிந்து நெற்றியைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு, பாரு" என்றேன். அவள் கிட்டே வந்து பார்த்தாள். "ஒண்ணும் இல்லீங்களே. வேர்த்துல்ல இருக்கு" என்றாள். மன்னார்குடிக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் எங்கோ அதுவும் போயிருந்தது.

அதற்குப் பிறகு அறுவடைகள் பல வந்து போயின. அந்த அம்மாவும் போன ஐப்பசியில் போய்விட்டார். அவருடைய அந்த ஒரே எழுத்தை அவர் மகனும் அவருமாகப் போட்டுப் பார்த்த நெற்றி என்று இப்போது இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது என்னுடையது மட்டும்தான். அதில் எதுவும் இல்லை.

இந்த வருஷமும் விதை நெல்லைச் சாக்கில் கட்டி வைத்தோம். மூன்று சாக்கு. மனைவி பேனாவை எடுத்துக்கொண்டு, நான் வெளியே போவதற்காகக் காத்திருந்தாள். என்னவோ தோன்றியது. கையை நீட்டிப் பேனாவை வாங்கினேன். ஒரு கையில் கைத்தடி, ஒரு கையில் பேனா. மூடியைக் கழற்றினேன். நெடி ஏறியது. முதல் சாக்கின் உச்சியில், நடுவில், வளைத்து வலப்பக்கம் இழுத்தேன். சாக்கின் மடிப்பில் பேனா வழுக்கி வால் நீண்டுவிட்டது.

அவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, ரெண்டுன்னு போட்டிருக்கீங்க? சாக்கு மூணுல்ல?"

"ரெண்டு இல்ல" என்றேன். குழறலாக வந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இந்தி வராமல் நின்றுபோன அதே இடத்தில், என் சொந்த வீட்டில், என் சொந்த மொழியிலும் நின்றுவிட்டேன். கண் நிறைந்து சாக்கு மறைந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. என் கையிலிருந்து பேனாவை மெதுவாக வாங்கி, காய்ந்துவிடுமே என்று மூடியைத் தேடினாள். சாக்கின் மேலே பார்த்தாள், தரையில் பார்த்தாள், என் சட்டைப் பையில் பார்த்தாள்.

மூடி என் பல்லில் இருந்தது.